அடிக்கல்

இந்த நீரிணையில் தூண் நிற்காது.
முதல் நாளே தெரிந்துவிட்டது.
கருவி ஒலியைக் கீழே அனுப்பிவிட்டுக் காத்திருந்தது.
நாங்களும் காத்திருந்தோம்.
ஒன்றரை நொடி கழித்து ஒலி மேலே வந்து சொன்னது:
ஆயிரத்து நூற்று எழுபது மீட்டர்.

ஸ்கார்வ்சுந்தின் தென்கரையில்
நாற்பத்தொரு வீடுகள், ஒரு மீன் ஆலை,
மாதத்துக்கு இரண்டு ஞாயிறு திறக்கும் தேவாலயம்.
மருத்துவமனை வடகரையில்.
நடுவே நாலரைக் கிலோமீட்டர் தண்ணீர்,
அதன்மேல் ஒரே ஒரு ஃபெர்ரி.
காற்று முறுக்கிக்கொண்டால் அதுவும் இல்லை.

ஓட்னி அந்தப் படகில் கயிறு வீசுபவள்.
ஜனவரியில் ஓர் இரவு
ஆம்புலன்ஸ் ஒன்று துறையில் வந்து நின்று
விடிய விடிய நீல விளக்கைச் சுழற்றியதாம்.
"அப்புறம் அணைத்துவிட்டார்கள்" என்றாள்.
எதை என்று நான் கேட்கவில்லை.
எங்கள் அறிக்கையில் அந்த இரவுக்குப் பெயர்
போக்குவரத்துத் தேவை, பிரிவு இரண்டு.

நிற்காதென்றால் தொங்கவிடலாம்.
ஆனால் இத்தனை நீள வடம்
தன்னைத் தானே சுமக்கவே
முக்கால் வலுவைத் தின்றுவிடும்,
சம்பளம் வந்த அன்றே
வட்டிக்குப் போய்விடும் வீடு மாதிரி.
மிச்சத்தில்தான் லாரிகள் ஓடவேண்டும்.

தொங்காதென்றால் மிதக்கவிடலாம்.
மிதப்பதைப் பிடித்து வைக்க நங்கூரம்,
நங்கூரம் ஊன்றச் சேறு.
சேறு எங்கே இருக்கிறது?
பனியாறு போகிற போக்கில்
பாறைவரை வழித்துத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது,
சட்டியில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல்.

ஊர்க்கூட்டத்தில்
இறால் பிடிக்கும் ஹால்ஸ்டைன் எழுந்தார்.
"உங்கள் வடம் என் வலையைக் கிழிக்கும், அது கிடக்கட்டும்.
மேல்தண்ணீர் வடக்கே போகும்போது
கீழ்த்தண்ணீர் தெற்கே போகும். தெரியுமா?"
தெரியும் என்றோம்.
மூன்று வருடமும் எட்டுக் கோடி க்ரோனரும் செலவழித்து
அதைத்தான் கண்டுபிடித்திருந்தோம்.

பிப்ரவரியில் சோதனைக் கட்டியை இறக்கினோம்.
நூற்றிருபது டன் கான்கிரீட்.
சரிவின் நடுவே, அறுநூறு மீட்டரில்,
பாறை கொஞ்சம் படிபோல் நீண்டிருந்த இடத்தில்
பதினோரு மணி நேரம் எடுத்து உட்காரவைத்தோம்.
மூன்று நாள் உட்கார்ந்திருந்தது.
நான்காம் நாள் புயல்.
அதிகாலை மூன்று பத்துக்குத் திரையில்
இழுவிசை எண்பது, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றேழு,
பிறகு சுழி.
குன்வோர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.
"போயிற்று" என்றாள்,
பேருந்தைத் தவறவிட்டவள் குரலில்.

காலையில் துறைக்குப் போனேன்.
ஃபெர்ரி கட்டியே கிடந்தது.
ஓட்னி உறைந்த கயிற்றை உதைத்து உதைத்து
வளைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எவ்வளவு தூரம் போயிருக்கும்?"
"அடிவரைக்கும்."
கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள்.
"ஆக, உங்கள் சாமான் ஒன்றாவது
அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது."

மே மாதம் அமைச்சர் வருகிறார்.
மெருகேற்றிய கருங்கல் தயாராகிறது,
கரையில், புல்வெளியில், படம் எடுக்க வாகாக.
என்ன பொறிப்பது என்று கடிதம் வந்திருக்கிறது.
அடிக்கல்லுக்கு அடி என்று ஒன்று வேண்டாமா?
அது இருக்கும் இடத்தில்
சாய்ந்தோ கவிழ்ந்தோ கிடக்கிறது எங்கள் கட்டி.
பெயர் இல்லை, தேதி இல்லை,
ஒரு கொக்கி, அறுந்த சங்கிலி பதினாறு மீட்டர்.
வெயிலே பார்த்திராத ஏதோ ஒரு உயிர்
இந்நேரம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

நான் இன்னும் பதில் எழுதவில்லை.

மஞ்சள் மிதவை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
எண் அனுப்பிக்கொண்டிருக்கிறது.
இன்று அலை நாற்பது சென்டிமீட்டர்.
படகு ஓடுகிறது.
ஓட்னி கயிற்றை வீச, வடகரையில் யாரோ பிடிக்கிறார்கள்.
புதுத் தாளில் நாலரை என்று எழுதி
அடிக்கோடு இடுகிறேன்.